கல்லாவுக்கு அடியில் துப்பாக்கி வைக்கலாமா?

கேள்வி:

டெக்சாஸில், ஹூஸ்டனுக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் பெட்ரோல் நிலையமும் அதோடு சேர்ந்த சிறு கடையும் இரண்டு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். கிரீன் கார்டு உள்ளவன். மூன்று வாரங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை இரவு, பன்னிரண்டு மணி கடந்து பத்து நிமிடம் ஆனபோது, என் மனைவியின் தம்பி கடையில் தனியாக இருந்தார். ஒருவர் பீர் பெட்டியைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்திருக்கிறார். நேரம் முடிந்துவிட்டது, விற்க முடியாது என்று இவர் சொன்னதும் பேச்சு முற்றியது. "ஏற்கெனவே நிறையக் குடித்திருக்கிறாய், வீட்டுக்குப் போ" என்று இவரும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அந்த ஆள் சட்டையைத் தூக்கி இடுப்பில் இருந்த துப்பாக்கியைக் காட்டி, "திரும்பி வருவேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். கால் மணி நேரம் காரிலேயே உட்கார்ந்திருந்து, பிறகு கிளம்பினார். நாங்கள் போலீசுக்குச் சொல்லவில்லை. மைத்துனர் அன்றிலிருந்து சரியாகத் தூங்குவதில்லை; ஆனாலும் வேலைக்கு வருகிறார். மன்னார்குடியிலிருந்து மாமனார் தினமும் அழைக்கிறார். மனைவி கடையை விற்றுவிடலாம் என்கிறாள். நண்பர்களோ, டெக்சாஸ் சட்டம் கடைக்காரன் பக்கம்தான், கல்லாவுக்கு அடியில் ஒரு துப்பாக்கி வைத்துக்கொள் என்கிறார்கள். வாங்கலாமா? மைத்துனர் பேசியது தவறா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கடையின் கேமராப் பதிவுக் கருவிகள் பெரும்பாலும் சில வாரங்களுக்குள் பழைய பதிவின்மேல் புதியதை எழுதிவிடும். மூன்று வாரம் ஆகிவிட்டது என்கிறீர்கள். அந்தப் புதன்கிழமை இரவின் பதிவை, கவுண்டர் கேமராவிலிருந்தும் பம்புகளைப் பார்க்கும் கேமராவிலிருந்தும், இன்றே தனியாகப் பிரதி எடுத்துவையுங்கள். கார் நின்ற அந்தக் கால் மணி நேரமும் அதில் இருக்க வேண்டும். வண்டியின் எண் தெரிந்தாலும் தெரிந்திருக்கலாம்.

பதிவு கையில் இருந்தால், அவசர எண்ணான 911க்கு அல்லாமல் உங்கள் கவுண்டி ஷெரிஃப் அலுவலகத்தின், அதாவது மாவட்டக் காவல் அலுவலகத்தின், சாதாரண எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுங்கள். இத்தனை நாள் கழித்துச் சொல்வதா என்று தயங்க வேண்டாம். பொது இடத்தில் பிறரை அச்சுறுத்தும் விதத்தில் துப்பாக்கியைக் காட்டுவது டெக்சாஸிலும் குற்றம்தான். துப்பாக்கி வைத்திருப்பது குற்றமல்ல என்பதால் பலர் இதையும் குற்றமல்ல என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆள் யாரென்று தெரிந்தால், அவர் உங்கள் கடை எல்லைக்குள் இனி வரக் கூடாது என்று போலீஸ் மூலமாகவே அறிவிக்கச் சொல்லலாம். அதை மீறி வந்தால், அத்துமீறி நுழைந்த குற்றத்துக்காக அவரைக் கைது செய்ய முடியும். இந்த வேலையைப் போலீஸ் செய்யட்டும். நீங்களோ மைத்துனரோ அவரிடம் நேரில் சொல்ல முயலாதீர்கள்.

இனி உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்திய வரிக்கு வருகிறேன். அது துப்பாக்கியைக் காட்டினார் என்ற வரி அல்ல. கால் மணி நேரம் காரில் உட்கார்ந்திருந்தார் என்ற வரி. பணியிடப் பாதுகாப்பு குறித்துக் கடைக்காரர்களுக்குப் பயிற்சி அளிக்கும் நான், இத்தகைய சண்டைகளின் விவரங்களைப் படிக்கும்போதெல்லாம் முதலில் தேடுவது அந்த இடைவெளியைத்தான். 2020 மே 1 அன்று மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில், ஒரு மலிவு விலைக் கடையின் 43 வயதுக் காவலாளி, தாயுடன் வந்த ஒரு பெண்ணிடம் முகக்கவசம் வேண்டும் என்று சொன்னார். தாய் சண்டையிட்டுவிட்டுக் கிளம்பினார். சுமார் இருபது நிமிடம் கழித்துக் குடும்பத்து ஆண்கள் இருவர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் சுட்டதில் காவலாளி இறந்தார். 2021 ஜூன் 14 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் டிகேப் கவுண்டியில், ஒரு மளிகைப் பேரங்காடியின் 41 வயதுப் பெண் காசாளரிடம் அதே முகக்கவசத்துக்காகச் சண்டையிட்டவர், எடுத்த பொருளை வாங்காமலே வெளியேறி, உடனே திரும்பி உள்ளே வந்து, நேராகக் கவுண்டருக்கு நடந்து சுட்டுக் கொன்றார். இரண்டிலும் வாக்குவாதம் ஒருமுறை முடிந்திருந்தது. உள்ளே இருந்தவர்கள் அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கத் திரும்பிவிட்டிருக்கலாம், அல்லது பெருமூச்சு விட்டிருக்கலாம். கோபத்தோடு வெளியே போனவர் போய்விட்டார் என்று நாம் நம்பும் அந்த நிமிடங்கள்தாம் கதவைப் பூட்ட வேண்டிய நிமிடங்கள், 911 அழைக்க வேண்டிய நிமிடங்கள், சண்டையிட்ட ஊழியரைக் கவுண்டரிலிருந்து பின்னறைக்கு அனுப்ப வேண்டிய நிமிடங்கள்.

அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறையினர் பணியிட வன்முறையை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். கொள்ளை போன்ற குற்ற நோக்கத்தோடு வருபவர் முதல் வகை; வாடிக்கையாளரே வன்முறையில் இறங்குவது இரண்டாம் வகை; மற்ற இரண்டும் சக ஊழியர், சொந்த வாழ்க்கை உறவுகள் தொடர்பானவை. இந்தப் பிரிவினை உங்களுக்கு ஏன் முக்கியம் என்றால், பெட்ரோல் நிலையக் கடைகளில் நாம் செய்யும் ஏற்பாடுகள் அனைத்தும் முதல் வகைக்கானவை. புளோரிடா மாநிலச் சட்டத்தைப் பாருங்கள்: இரவில் திறந்திருக்கும் கடைகள் கண்காணிப்புக் கேமரா வைக்க வேண்டும், பணத்தை ஊழியரால் திறக்க முடியாத பெட்டகத்தில் போட வேண்டும், கல்லாவில் 50 டாலருக்கு மேல் இல்லை என்று பலகை தொங்கவிட வேண்டும், வெளியேறுபவரின் உயரம் தெரியும்படி கதவோரம் அளவுக்கோடு ஒட்ட வேண்டும். கொள்ளையனுக்கு இவை நல்ல மருந்து. ஏனெனில் அவன் பணத்துக்காக வருகிறான், பணம் குறைவு என்றால் வேறு கடை பார்ப்பான். ஆனால் நாலு பேர் முன்னால் மானம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த 50 டாலர் பலகையில் எந்தச் செய்தியும் இல்லை. 2022 ஜூனில் அட்லாண்டாவில் ஒரு சாண்ட்விச் கடையில், மயோனைஸ் அதிகமாகிவிட்டது என்ற சண்டையில் 26 வயது ஊழியை சுட்டுக் கொல்லப்பட்டார்; 24 வயதான இன்னொரு ஊழியை காயமடைந்தார்; அந்த இரண்டாமவரின் 5 வயது மகன் அப்போது கடைக்குள்தான் இருந்தான். மயோனைசுக்காக ஒருவரும் கொலை செய்வதில்லை என்று நமக்குத் தோன்றும். உண்மைதான். தன்னை மதிக்கவில்லை என்ற எண்ணம், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு துப்பாக்கி, இவை இரண்டும் சேர்ந்த இடத்தில் காரணம் எவ்வளவு சிறியதாகவும் இருக்கலாம்.

கைக்கெட்டும் தூரம் என்று சொன்னதைச் சற்று விளக்க வேண்டும். இந்த நாட்டில் மக்கள் கையில் இருக்கும் துப்பாக்கிகள் மக்கள் தொகையைவிட அதிகம் என்று 2018இல் வெளியான ஒரு சர்வதேச ஆய்வு கணக்கிட்டது: ஏறத்தாழ 39 கோடி. டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பிச் சட்டத் தடை ஏதும் இல்லாதவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். ஆகவே உங்கள் கவுண்டருக்கு எதிரே நிற்பவரிடம் துப்பாக்கி இருக்கும் என்றே வைத்துக்கொண்டு கடையின் நடைமுறைகளை அமைக்க வேண்டும். இப்படிச் சொல்வது மிரட்டுவதற்காக அல்ல. 2022இல் அமெரிக்கா முழுவதும் பணியிடத்தில் கொலையானவர்கள் 524 பேர். 2023இல் 458 பேர். கோடிக்கணக்கானவர்கள் கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் நாட்டில் இது மிகச் சிறிய விகிதம். மாமனாரிடம் இந்த எண்களைச் சொல்லுங்கள். ஆனால் அவர் பயப்படுவதில் அர்த்தமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 2025 செப்டம்பரில் டல்லாஸ் நகர விடுதி ஒன்றில், பழுதான துணி துவைக்கும் இயந்திரத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்றதால் எழுந்த தகராறில், கர்நாடகத்தைச் சேர்ந்த மேலாளர் வெட்டிக் கொல்லப்பட்டார். அடுத்த மாதமே பிட்ஸ்பர்க் அருகே, வெளியே சத்தம் கேட்டு என்னவென்று பார்க்க வந்த இந்திய வம்சாவளி விடுதி மேலாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தச் செய்திகள் மன்னார்குடியில் ஒவ்வொரு கைப்பேசிக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

துப்பாக்கி வாங்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம். காரணங்களைச் சொல்கிறேன்.

நண்பர்கள் சொல்லும் சட்டம் இருப்பது உண்மை. இரவு நேரத் திருட்டைத் தடுக்க உயிர்போக்கும் அளவுக்குப் பலத்தைப் பயன்படுத்துவதையும் டெக்சாஸ் தண்டனைச் சட்டம் சில நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. ஆனால் அதே சட்டம், வாய்ச்சொல்லால் சீண்டியது மட்டுமே காரணம் என்றால் பலப்பிரயோகம் நியாயமாகாது என்றும் தெளிவாகச் சொல்கிறது. உங்கள் கடையில் நடந்தது எந்தக் கணத்தில் வாய்ச்சண்டையாக இருந்தது, எந்தக் கணத்தில் உயிராபத்தாக மாறியது என்பதை இப்போது நிதானமாக யோசித்தாலே கோடு போடுவது கடினம். நள்ளிரவில், இரண்டு வினாடியில், கை நடுங்க அதை முடிவு செய்யும்படி ஓர் இளைஞரை நிறுத்துவது பாதுகாப்பு ஆகாது. வட கரோலினாவில் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஓர் ஆய்வு, ஊழியர்கள் துப்பாக்கி வைத்திருக்க அனுமதித்த பணியிடங்களில் கொலை நிகழும் வாய்ப்பு, தடைசெய்த பணியிடங்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு இருந்ததாகக் கண்டது. ஆபத்தான இடத்தில் இருப்பவர்கள்தாமே துப்பாக்கியை அனுமதிப்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம்; அது நியாயமான கேள்வி, பணியிடங்களுக்கு இடையிலான பிற வேறுபாடுகளைக் கணக்கில் கொண்ட பிறகும் அந்தத் தொடர்பு மறையவில்லை.

எண்களைவிட ஒரு சம்பவம் உங்களுக்கு அதிகம் சொல்லும். 1991 மார்ச் 16 அன்று தெற்கு லாஸ் ஏஞ்சலிஸில், கொரியாவிலிருந்து குடியேறிய ஒரு குடும்பத்தின் கடைக்குள் 15 வயதுக் கறுப்பினச் சிறுமி வந்து, 1.79 டாலர் விலையுள்ள ஆரஞ்சுச் சாறு புட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டு கவுண்டருக்கு நடந்தாள். திருடுகிறாள் என்று நினைத்த கடைக்காரப் பெண்மணி அவளைப் பிடித்து இழுத்தார்; சிறுமி அடித்தாள்; பிறகு புட்டியைக் கவுண்டரில் விட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். கடைக்காரர் கவுண்டருக்கு அடியில் இருந்த துப்பாக்கியை எடுத்துப் பின்தலையில் சுட்டார். இறந்த சிறுமியின் கையில் இரண்டு டாலர் இருந்தது. அந்தக் குடும்பமும் உங்களைப் போல மிரட்டல்களுக்கு ஆளான குடும்பம்தான். அவர்கள் துப்பாக்கி வைத்திருந்ததும் உங்கள் நண்பர்கள் சொல்லும் அதே காரணத்துக்காகத்தான். நடுவர் குழு குற்றவாளி என்றது; நீதிபதி சிறை இல்லாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டார்; அடுத்த ஆண்டுக் கலவரத்தில் கொரியர்களின் கடைகள் பெருமளவில் எரிந்ததற்கு அந்தத் தீர்ப்பின் கசப்பும் ஒரு காரணம். இது பழைய கதை என்று தோன்றினால், 2023 மே மாதம் தென் கரோலினாவின் கொலம்பியா நகரில் பெட்ரோல் நிலைய உரிமையாளர் ஒருவர், தண்ணீர் புட்டிகளைத் திருடியதாகத் தவறாக நினைத்து, 14 வயதுச் சிறுவனைத் துரத்திச் சென்று முதுகில் சுட்டதை நினைத்துப் பாருங்கள். சிறுவன் எதையும் திருடவில்லை என்று ஷெரிஃப் அறிவித்தார். உரிமையாளர்மீது கொலைக் குற்றச்சாட்டு பதிவானது. நம்மைப் போல வந்து கடை வைத்தவர்களுக்கு, சுடப்படுவது மட்டுமே ஆபத்து என்று நான் நினைக்கவில்லை. பயத்தில் சுட்டுவிடுவதும் அதே அளவு ஆபத்து.

இன்னொன்று. மைத்துனர் எந்த விசாவில் இருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. மாணவர் விசா, எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர், வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியைத் தன் வசம் வைத்திருப்பதே மத்திய அரசுச் சட்டப்படி கடுங்குற்றம். வாங்குபவர் நீங்களாக இருந்தாலும், அவர் தனியாக நிற்கும் கவுண்டரின் அடியில் அது இருந்தால் அவர் வசம் இருந்ததாகவே வழக்குப் போட முடியும். தண்டனை முடிந்தாலும் நாடுகடத்தல் காத்திருக்கும். போலீசுக்குச் சொல்லாமல் விட்டதற்கு விசா பற்றிய அச்சமும் காரணமாக இருந்தால், புகார் கொடுப்பதற்கு முன் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள். கடுமையான குற்றங்களால் பாதிக்கப்பட்டு விசாரணைக்கு உதவுபவர்களுக்கென்றே யு விசா என்ற தனி வகை 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது; உங்கள் நிகழ்வுக்கு அது பொருந்துமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

அப்படியானால் என்ன செய்வது? டெக்சாஸில் வார நாட்களில் கடைகளில் பீர் விற்பனை நள்ளிரவோடு முடிகிறது. காலை ஏழு மணிக்குத்தான் மறுபடி தொடங்கும். ஒவ்வோர் இரவும் பன்னிரண்டு மணி பத்து நிமிடத்துக்கு ஒருவர் பெட்டியோடு கவுண்டருக்கு வருவார் என்பது உங்களுக்கு முன்பே தெரியும். தெரிந்திருந்தும், அதை மறுக்கும் வேலையை ஒரு மனிதனின் வாயில் விட்டிருக்கிறீர்கள். பீர் குளிர்பெட்டிக் கதவுகளுக்கு நேரம் வைத்துப் பூட்டும் கருவி கிடைக்கிறது, அதைப் பொருத்துங்கள். பதினொன்றே முக்காலுக்கு உள்விளக்கு அணையட்டும். நள்ளிரவில் கதவு பூட்டிக்கொள்ளட்டும். சட்டப்படி விற்பனை நேரம் எது என்ற பலகை ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் அதன்மேலேயே இருக்கட்டும். பூட்டிய கண்ணாடிக் கதவைத் திட்டிவிட்டுப் போகிறவர், கதவு தன்னை அவமானப்படுத்தியதாக நினைப்பதில்லை. அந்தக் கதவுக்குப் பின்னால் சிரிப்பவர்களும் இல்லை. அடையாள அட்டை கேட்பது, பம்பில் முன்பணம் வாங்குவது, லாட்டரிச் சீட்டைத் திருப்பி எடுக்க மறுப்பது என்று உங்கள் கடையில் சண்டை வரும் இடங்கள் இன்னும் நான்கைந்து இருக்கும். ஒவ்வொன்றிலும் மறுப்பை இயந்திரத்துக்கோ பலகைக்கோ பூட்டுக்கோ மாற்ற முடியுமா என்று மைத்துனரோடு உட்கார்ந்து பாருங்கள். எனக்குத் தெரிந்து கடைக்காரர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள மாற்றம் இதுதான். துப்பாக்கி விலையைவிட இது குறைவாகவும் முடியும்.

மாற்ற முடியாத இடத்தில் சொல்லும் சொற்களை முன்கூட்டியே வரையறுத்துக்கொள்ளுங்கள். "இயந்திரம் பன்னிரண்டுக்கு மேல் விற்க விடாது, காலை ஏழு மணிக்குக் கிடைக்கும், மன்னிக்கவும்" என்பது போதும். அவரது நிலையைப் பற்றி, குடியைப் பற்றி, வயதைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். அதற்கு மேலும் கத்தினால், ஆயுதத்தைக் காட்டினால், பீரை எடுத்துக்கொண்டு போகட்டும். தடுக்க வேண்டாம், பின்னால் போக வேண்டாம், வண்டி எண்ணைப் பார்க்கக்கூட வெளியே காலடி வைக்க வேண்டாம். அவர் வாசலைக் கடந்ததும் கதவு பூட்டப்பட வேண்டும்; அதற்கு ஒரு பொத்தான் கவுண்டருக்குக் கீழே இருக்க வேண்டும். துப்பாக்கி வைக்கச் சொன்ன அதே இடத்தில் அந்தப் பொத்தானை வையுங்கள். உள்ளே துப்பாக்கி கொண்டுவரக் கூடாது என்று டெக்சாஸ் சட்டம் குறிப்பிடும் வாசகங்களோடு பலகை வைக்க உங்களுக்கு உரிமை உண்டு. வைப்பதாக இருந்தால், மீறி வருபவரைத் தட்டிக்கேட்பது ஊழியரின் வேலை அல்ல என்பதையும் சேர்த்து முடிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் சண்டைக்கு இன்னொரு காரணத்தைக் கதவில் ஒட்டியதாகத்தான் ஆகும்.

நள்ளிரவுக்கு மேல் ஒருவரைத் தனியாக நிறுத்துவதை நிறுத்துங்கள். புளோரிடாவின் கெயின்ஸ்வில் நகரம் 1986இலேயே இரவுக் கடைகளில் இருவர் இருக்க வேண்டும் என்று விதி செய்தது. இரண்டாவது ஆளுக்குச் சம்பளம் கட்டாது என்றால், பன்னிரண்டு முதல் ஐந்து வரையிலான விற்பனையைத் தனியாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பம்புகள் அட்டையில் ஓடட்டும், கடைக் கதவு மூடியிருக்கட்டும். உங்கள் மனைவி கேட்பது கடையை விற்பதாக இருக்கலாம். ஆனால் அவர் பயப்படுவது அந்த ஐந்து மணி நேரத்துக்கு என்றே எனக்குத் தோன்றுகிறது. விற்பது பற்றிய பேச்சை அந்த மணிகளை நீக்கிய பிறகு இருவரும் மறுபடி பேசுங்கள்.

மைத்துனர் பேசியது தவறா என்று கேட்டீர்கள். துப்பாக்கியைக் காட்டியது அவர் அல்ல; குற்றம் அவர்மீது இல்லை. ஃபிளின்ட்டில் இறந்தவர் தன் வேலையைத்தான் செய்தார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் நல்லது என்பது அடுத்த முறைக்கான பயிற்சி. அதைக் குற்றச்சாட்டாக அவரிடம் ஒருபோதும் சொல்லாதீர்கள், உங்கள் மாமனாரையும் சொல்ல விடாதீர்கள். மூன்று வாரமாகத் தூங்காதவர், மனத்துக்குள் அந்த வாக்கியத்தைத் தினமும் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டுதான் இருப்பார். ஆபத்தைக் கண்ட மனம் சில வாரங்கள் விழித்தே இருப்பது இயல்பு. ஒரு மாதம் கடந்தும் தூக்கமின்மை, திடுக்கிடல், அந்த இடத்தைத் தவிர்ப்பது ஆகியவை நீடித்தால் மருத்துவரிடமோ உளவியல் நிபுணரிடமோ அழைத்துச் செல்ல வேண்டும். உங்களுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. நேரம் கேட்டு வைத்துவிடுங்கள்.

அவர் வேலைக்கு வருகிறார் என்பதைத் தைரியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருக்கு நீங்கள் முதலாளி மட்டுமல்ல, அத்தான். அக்காள் வீட்டில் இருந்துகொண்டு, அத்தான் கடையில் நின்றுகொண்டு, எனக்குப் பயமாக இருக்கிறது என்று எந்தத் தம்பியும் வாய் திறந்து சொல்ல மாட்டார். ஆகவே, இரவு வேலைக்கு வர முடியுமா என்று அவரிடம் கேட்காதீர்கள். கேட்டால் முடியும் என்றுதான் சொல்வார். அடுத்த வார அட்டவணையில் அவரைப் பகல் நேரத்துக்கு நீங்களாகவே மாற்றி எழுதிவிட்டு, அதன் பிறகு தெரிவியுங்கள். அந்த இரவு என்ன நடந்தது என்பதை உங்கள் மனைவி கேட்கட்டும், நீங்கள் அந்த அறையில் இல்லாதபோது.

பதிவைப் பிரதி எடுத்துவிட்டீர்களா, இன்றிரவு கவுண்டரில் யார் நிற்கிறார்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். பதிவில் வண்டி எண் தெரியவில்லை என்றாலும் எழுதுங்கள். புகாரில் வேறு என்ன சேர்க்கலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.